மேனேஜரின் எடை

அலுவலகத்தில் அவருக்குக் ‘கிராம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்து யாரும் புழங்குவதில்லை. எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடம். கடை கடையாகப் போவது, பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கற்களை எடுத்துத் தராசில் வைத்துப் பார்ப்பது, சரியாக இருந்தால் முத்திரை ஒட்டுவது, இல்லையென்றால் வழக்கு எழுதுவது. தெருத் திருப்பத்தில் அவருடைய தோல் பை தெரிந்தால் போதும், தராசுத் தட்டுகள் முதுகை நிமிர்த்தி உட்காரும் என்பார்கள்.

ஒருமுறை ஒரு மீன்காரம்மாவின் தட்டில் மீனுக்கு அடியில் இருந்த ஈரக் காகிதத்தை உருவி, தனியாக நிறுத்து, பதினெட்டு கிராம் என்று கூட்டத்தின் முன் அறிவித்தார்.

“இதென்னம்மா, காகிதத்தையும் மீன் விலைக்கு விக்கிறீங்க?”

“மீன்னா ஈரமாத்தான் சார் இருக்கும்” என்றாள் அவள். “உங்களுக்குக் காஞ்சதுதான் வேணும்னா உங்க முகத்தையே நிறுத்துப் பாத்துக்குங்க.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதினெட்டு கிராமை எழுதிக்கொண்டார். பெயர் அன்றைக்குத்தான் வந்தது.

இது பழைய கதை. கடைசி எட்டு வருடமாக முட்டி வலி. வருடத்துக்கு இத்தனை கடை பார்த்தே தீர வேண்டும் என்று மேலிடம் ஒரு எண்ணிக்கை அனுப்பும். முட்டிக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேராது. ஆகவே வருடக் கடைசியில் மீதிக் கடைகளை எல்லாரும் பார்க்கிற மாதிரி அவரும் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிடுவார். இதற்கு மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டாம். அதிலும் ஒரு கைத்திறன் இருக்கிறது. எல்லாக் கடைக்கும் ‘சரி’ என்று எழுதுகிறவன் கற்றுக்குட்டி, முதல் தணிக்கையிலேயே மாட்டுவான். தேர்ந்த கை கடைசி இலக்கத்தில் விளையாடும். ஒரு கடைக்கு இரண்டு கிராம் குறைவு, அடுத்ததற்கு ஒன்று கூடுதல், மூன்றாவதற்குக் கச்சிதம். படிக்கிறவனுக்கு வெயிலில் அலைந்த வாசனை அந்த எண்களில் அடிக்க வேண்டும். கிராம் எழுதிய எண்களில் அந்த வாசனை தூக்கலாக இருக்கும் என்று டைப்பிஸ்ட் அம்மாவே பாராட்டியிருக்கிறாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் தன் பல்லியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு வேறொரு ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்தது. விடுதியில் மனிதர்களுக்கே இடம் இல்லை. ஆறு வருடமாக அவள் வளர்த்த பல்லி, கண்ணாடித் தொட்டியோடும் நான்கு பக்கம் குறிப்போடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சுவரில் ஓடுகிற ஜாதி இல்லை. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, ஒரு சாண் நீளம், தடித்த வால். விரலில் ஒட்டும் தன்மை கிடையாது என்பதால் சுவரேறும் ஆசையும் கிடையாது. பகல் முழுக்கத் தூங்கும், சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வெளியே வரும், ஒன்றும் செய்யாமல் எல்லாரையும் பார்க்கும். அதனால் மகள் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“வாலைப் பிடிச்சுத் தூக்கிடாதீங்கப்பா. பயந்தா வாலைக் கழட்டிப் போட்டுடும். அதோட சேமிப்பு முழுக்க வால்லதான் இருக்கு.”

“சரிம்மா.”

“ஞாயித்துக்கிழமை காலைல எடை. இது ரொம்ப முக்கியம். பல்லிக்கு உடம்பு சரியில்லைன்னா அது வெளிய காட்டிக்காது. எடைதான் காட்டிக் குடுக்கும். அதை உங்களைத் தவிர வேற யார்கிட்ட விட முடியும், சொல்லுங்க?”

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. மகள் வாங்கி வைத்திருந்த சமையலறைத் தராசை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. அலுவலகத்து எடைக்கற்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தராசைச் சோதித்து, “பரவால்ல, யோக்கியமான தராசு” என்று சான்றளித்த பிறகுதான் முதல் எடை. 63.9. மகள் உடனே அதை ஒரு வரைபடத்தில் ஏற்றினாள். அடுத்த வாரம் 64.4. அதுவும் ஏறியது.

ஏழு ஞாயிற்றுக்கிழமை அவர் உண்மையாகவே நிறுத்தார். இதை அவருக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எட்டாவது ஞாயிறு மேனேஜர் நல்ல தூக்கம். தோலுரிக்கிற சமயம் வேறு. உடம்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அவர் கையை விட்டதும் அது தலையைத் திருப்பி, வாலை மெல்லத் தூக்கி, இடமும் வலமுமாக ஆட்டியது. இரைக்கு முன்னால் ஆட்டுகிற துடிப்பு வேறு, இது வேறு. இது எச்சரிக்கை என்று குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பிறகு அந்தச் சின்ன வாயைத் திறந்து ‘கீ’ என்று ஒரு சத்தம். கசாப்புக் கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசியபோது கண் இமைக்காமல் வழக்கு எழுதிய மனிதர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வால் கையோடு வந்துவிட்டால் மகளுக்கு என்ன பதில் சொல்வது? பாவம், தூங்கட்டும். நேற்றுத்தான் நான்கு புழு தின்றது, எடை எங்கே போய்விடப் போகிறது?

64.1 என்று அனுப்பினார்.

மகளிடமிருந்து ஒரு இதயப் படமும் “சூப்பர் அப்பா”வும் வந்தன. எண்ணில் வெயிலில் அலைந்த வாசனை இருந்தது போலும்.

அடுத்த ஞாயிறு 64.5. அதற்கடுத்தது 63.8, குறையாமலே இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? பிறகு 64.2. அவருக்கே தெரியாமல் கை அந்த வேலையைச் செய்தது. தேநீர் குடித்துக்கொண்டே அனுப்புவார். அந்தக் காலை நேரத்தில் தொட்டி இருந்த அறைக்குள் போவதுகூட இல்லை.

இதனால் அவருக்கு மேனேஜரைப் பிடிக்காது என்று நினைத்தால் தப்பு. பிடித்தது, அதுதான் பின்னால் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆறரைக்கு அவர் வீடு திரும்பிப் பையை மாட்டும் சத்தம் கேட்டால் மேனேஜர் கண்ணாடியருகே வந்து நிற்கும். அதன் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைய அலுவலக அநியாயங்களைச் சொல்லுவார். அது கேட்கும். பிடிக்காத பேச்சு வந்தால் இமையை மூடிக்கொள்ளும்; அந்த வசதி மற்றப் பல்லிகளுக்குக் கிடையாது என்று மகள் சொல்லியிருந்தாள். தொட்டியின் ஒரே மூலையைத்தான் கழிப்பறையாக வைத்திருந்தது. “நம்ம ஆபீஸ்ல இந்த ஒழுக்கம் யாருக்கும் இல்ல” என்று மனைவியிடம் பெருமைப்பட்டார். உரித்த சட்டையைக் கழற்றி மூலையில் எறியாமல் தானே தின்றுவிடும். புழுவைக் கண்டால் உடம்பு கல்லாக நிற்க, வால் நுனி மட்டும் துடிக்கும். பிறகு ஒரே பாய்ச்சல். பாதி நேரம் குறி தப்பும். தப்பியதும் எதுவும் நடக்காத மாதிரி வேறு பக்கம் பார்க்கும். அதைப் பார்த்து அவர் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறார்.

பிறகு பாய்ச்சல் குறைந்தது. நான்கு புழு போட்டால் இரண்டு மிச்சம். அப்புறம் மூன்று மிச்சம்.

“என்னங்க, இதோட வால் பென்சில் மாதிரி ஆயிடுச்சே?” என்றாள் மனைவி.

“வயசாகுதுல்ல.”

“ஆறு வயசுதானே? இருபது வருஷம் இருக்கும்னு சொன்னா.”

“டயட்ல இருக்கு போல. விடு.”

மகள் வீடியோவில் கூப்பிட்டபோது அவளும் கேட்டாள். “அப்பா, வால் ஒல்லியா தெரியுதே?”

“கேமரா அப்படிக் காட்டுதும்மா.”

“இல்லப்பா, கழுத்துகிட்டயும்...”

“எடையைப் பாரு. அறுபத்து நாலு புள்ளி ஆறு. போன வாரத்துக்கு ரெண்டு பாயின்ட் கூட.”

அவள் ஒரு நொடி யோசித்தாள். “ஆமால்ல. எடை இருக்குன்னா சரி” என்றாள். அவள் முகத்திலிருந்து கவலை இறங்குவதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு நிம்மதியாகவும் இருந்தார். வாழ்க்கையில் எந்த நொடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது கேட்டால் அவர் அந்த நொடியைத்தான் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பையை மாட்டினார், மேனேஜர் வரவில்லை. வெப்பப் பலகை இருக்கும் பக்கத்தை விட்டு, குளிர்ந்த மூலையில் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தது. மூச்சு இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துணி விரித்து, மூலையில் இருந்த எச்சத்தையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து விலங்கு டாக்டரிடம் ஓடினார். முட்டி வலி அன்றைக்கு எங்கோ போயிருந்தது.

டாக்டரம்மா இளம் வயதுக்காரி. டப்பாவைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. மேனேஜரை இரண்டு கையாலும் ஏந்தித் தராசில் வைத்தாள்.

31.4.

“கடைசியா எப்ப சார் எடை பாத்தீங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“எவ்வளவு இருந்துச்சு?”

“அறுபத்து நாலு...” நாக்கு அங்கே நின்றிருக்கலாம். முப்பத்தோரு வருடப் பழக்கம் அதை நிற்க விடவில்லை. “...புள்ளி மூணு.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நாலு நாள்ல பாதி உடம்பு எங்க சார் போகும்?”

“உங்க தராசு சரியா இருக்கா பாருங்க மேடம்” என்றார் அவர்.

சொன்னதோடு விடவில்லை. அவள் மேனேஜரை மேசை விளக்கின் கீழ் கிடத்திப் பரிசோதித்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து, தராசைத் திருப்பி, பின்பக்கத்தில் முத்திரை ஸ்டிக்கரைத் தேடினார். எந்த வருடம், யார் கையெழுத்து, தேதி முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். தேதி முடியவில்லை. அவருடைய அலுவலக முத்திரைதான், இந்த வருடத்தியதுதான். கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் டாக்டரம்மா சொன்னாள்: “போயிடுச்சு சார்.”

அவர் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆறரை மணிக்குக் கண்ணாடியருகே வந்து நின்ற ஜீவன் போகும்போது, அவர் ஸ்டிக்கர் படித்துக்கொண்டிருந்தார்.

எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மா, குடலில் கிருமி என்றாள். “கொஞ்சம் கொஞ்சமா உருக்கிடும். எடை குறைய ஆரம்பிச்ச உடனே கொண்டு வந்திருந்தா மருந்து குடுத்திருக்கலாம். பொழைச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு.” குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. கொஞ்சம் சாட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி அவருடைய பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். ரோஜாத் தொட்டியில் குழி தோண்டினார். மகளுக்குப் போன் செய்தார். அவள் அழுதாள், அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“அவங்களுக்கே ஒண்ணும் புரியல.”

“எடை பாத்தாங்களா?”

“இல்ல. அவசரத்துல பாக்கல.”

“நீங்க எல்லாம் சரியாத்தான்பா செஞ்சீங்க. எடை ஒரு கிராம்கூடக் குறையல. நான்தான் போன மாசம் புழு மேல தூவுற பொடியை மாத்தச் சொன்னேன். அந்தக் கால்சியம் பொடிதான். நான்தான்பா கொன்னுட்டேன்.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். “அழாதே” என்றுதான் வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மா கேட்டாள். “என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“வீட்ல ஒரு சாவு.”

“அய்யய்யோ. யாரு?”

“...பல்லி.”

அவள் சிரிப்பதா அனுதாபப்படுவதா என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தாள். பல்லிக்கு அழுகிறவன் என்று ஊர் சிரிக்குமே என்பது அவர் கவலை இல்லை. ஊர் சிரித்திருந்தால் அதை ஒரு தண்டனையாகவாவது எடுத்துக்கொண்டிருப்பார். தன் அழுகையே தனக்குப் பொய்யாகப் பட்டதுதான் கஷ்டம். அழக்கூட யோக்கியதை வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து பையை மாட்டுவார்; மாட்டிய கை அப்படியே நிற்கும். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. புழுப் பெட்டிதான் மிச்சம். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தின்ன ஆளில்லாத புழுக்கள் ஒவ்வொன்றாகக் கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்டாக மாறத் தொடங்கின. “இதுங்களுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு” என்றாள் மனைவி. அவர் ஒரு கேரட் துண்டை வெட்டிப் பெட்டிக்குள் போட்டார்.

விஷயம் இத்தோடு புதைந்திருக்கும். ஆனால் மகள் ஆராய்ச்சிக்காரி. பல்லி வளர்ப்பவர்கள் நானூறு பேர் கொண்ட ஒரு போன் குழுவில் அவள் இருந்தாள். அப்பாவையும் எப்போதோ சேர்த்துவிட்டிருந்தாள். இறந்த பத்தாம் நாள் அவள் பதினெட்டு வார வரைபடத்தை அங்கே போட்டாள். ‘எடை குறையாமலே பல்லி இறக்கலாம். எங்கள் மேனேஜருக்கு வால் மெலிந்தது, எடை மட்டும் அப்படியே இருந்தது. புதிய பொடிதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த எடைகளைச் சந்தேகிக்க வேண்டாம்: என் அப்பா எடை ஆய்வாளர்.’

கீழே பாராட்டு மழை. ‘இதுதான் முறையான கண்காணிப்பு.’ ‘எங்க வீட்ல இப்படி ஒரு அப்பா இல்லையே!’ ஒருவர் அந்தக் கோட்டைப் பெரிதாக்கி, ‘இயற்கையான சின்ன ஏற்ற இறக்கங்களைக் கவனியுங்கள்’ என்று அம்புக்குறி போட்டிருந்தார். அம்பு 63.8-ஐத் தொட்டு நின்றது. பேருந்தில் நின்றபடி அதைப் படித்தவருக்குக் காது மடல் சுட்டது.

இரண்டு நாள் கழித்து, குழுவில் ‘பல்லியம்மா’ என்று தன்னை அழைத்துக்கொள்கிற ஒரு பெண் தன் பல்லியின் படம் ஒன்று போட்டாள். ‘ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் தராசு இல்லை. டாக்டர் ரொம்ப தூரம். போகணுமா?’

மகள் பதில் எழுதியிருந்தாள்: ‘பயப்படாதீங்க அக்கா. வால் மெலியறதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, எங்க வரைபடம் பாருங்க. முதல்ல பொடியை நிறுத்திட்டு ரெண்டு வாரம் பொறுத்துப் பாருங்க.’

அலுவலகம் போகும் பேருந்தில் அவர் படத்தைப் பெரிதாக்கினார். அந்த வாலை அவருக்குத் தெரியும். அடிப்பகுதி சப்பி, நடுவில் முடிச்சு தெரிய, நுனி நூலாகிப் போன வால். பதினோரு வாரம், தினமும் ஆறரை மணிக்கு, முக்காலியில் உட்கார்ந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்! நிறுக்கவில்லையே தவிர, பார்க்காமல் இல்லை.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று. அடுத்ததில் இறங்கி வீட்டுக்கே திரும்பி நடந்தார். சமையலறையில் மனைவி இருந்தாள்.

“என்ன, இந்த நேரத்துல?”

“நான் ஒண்ணு சொல்லணும். எடை... நான் நிறுக்கவே இல்ல.”

அவள் அடுப்பைத் தணித்தாள். அதிர்ச்சி எதுவும் அவள் முகத்தில் இல்லை. “தராசு மேல மாவு டப்பாவை வெச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க நகத்தவே இல்ல.”

“தெரிஞ்சும் கேக்கலையா?”

“ஆபீஸ் தராசுல பாக்கிறீங்களோன்னு நெனச்சேன். அப்புறம்...” அவள் கரண்டியைக் கழுவினாள். “முப்பது வருஷமா அந்த வேலை பாக்கிற மனுஷன்கிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது? எனக்கும் கேக்கத் தோணலங்க. அவகிட்ட சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

போன் அடித்தவுடன் மகள் எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

“அம்மாடி, அந்த எடை இருக்குல்ல...”

“எந்த எடைப்பா?”

“மேனேஜரோடது. நான் நிறுக்கல.”

“எந்த வாரம்?” ஒரே ஒரு வாரம் என்று நினைத்துவிட்டாள்.

“எட்டாவது வாரத்துல இருந்து.”

“எதுவரைக்கும்?”

“கடைசி வரைக்கும்.”

அவள் அறையில் மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. நான்கு சுற்று, ஐந்து சுற்று.

“புள்ளி போட்டு அனுப்பினீங்களேப்பா.”

“ம்.”

“அறுபத்து நாலு புள்ளி மூணு. அந்த மூணு எதுக்கு?”

அதற்கும் ஒரு பதில் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. “நீ நம்பணும்னுதான்.”

“அறுபத்து நாலுன்னு மட்டும் சொல்லியிருந்தாலே நம்பியிருப்பேனே” என்றாள் அவள். “ஒண்ணுமே சொல்லாம ‘நல்லா இருக்கும்மா’ன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்.”

அவர் மீதியையும் சொன்னார். முப்பத்தொன்று புள்ளி நான்கு. குடல் கிருமி. மருந்து இருந்தது. பொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது போகிற நேரத்தில் தான் தராசின் பின்பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை; டாக்டரம்மாவுக்குக்கூட அது தெரியாது.

“நான் பன்னண்டு நாளா சரியாத் தூங்கலப்பா” என்றாள் மகள். பிறகு குரல் மாறியது. “குழுல எழுதுங்க. நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க. அந்த அக்காவோட பல்லி இன்னும் உயிரோட இருக்கு. எழுதிட்டு முதல்ல என்கிட்ட படிச்சுக் காட்டுங்க.”

அவர் எழுதினார். முப்பத்தோரு வருடம் எழுதிய கை. “‘மேற்படி பல்லியின் எடை, எட்டாம் வாரம் முதல் நேரடியாகச் சரிபார்க்கப்படவில்லை என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’”

“யாரு சரிபாக்கல?”

அழித்தார். “‘தவிர்க்க இயலாத காரணங்களால் என்னால்...’”

“என்ன காரணம்?”

“தூங்கிட்டிருந்துச்சு. எழுப்ப மனசு வரல.”

“அது தவிர்க்க முடியாத காரணமா?”

“இல்ல. பயமாவும் இருந்துச்சு. அப்புறம் சோம்பல்.”

“அதை எழுதுங்க.”

சின்ன வயதில் அவளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். ‘திரும்ப எழுது, திரும்ப எழுது’ என்று பென்சிலோடு பின்னால் நின்றிருக்கிறார். இன்று கட்டிலோரம் உட்கார்ந்து கட்டை விரலால் அவர் தட்டிக்கொண்டிருக்க, அவள் போனில் காத்திருந்தாள். நான்காவது முறை தேறியது. ‘நான் நிறுக்கவில்லை. எண்களை நானே எழுதினேன். வால் மெலிந்ததைப் பார்த்தேன், மகளிடம் கேமரா என்று பொய் சொன்னேன். டாக்டர் நிறுத்தபோது பாதி எடைதான் இருந்தது. பொடியில் தவறு இல்லை. பல்லியம்மா, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.’

நானூறு பேர் கொண்ட குழு சும்மா இருக்குமா? ‘ஆய்வாளராம், ஆய்வாளர்!’ ‘இவர் முத்திரை போட்ட கடைலதான் நாம சாமான் வாங்கறோம்.’ ‘பாவம் அந்தப் பொண்ணு.’ அம்புக்குறி போட்டவர் அம்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். கிராம் ஒவ்வொன்றையும் படித்தார். அறிவிப்புச் சத்தத்தை அணைத்து வைக்கலாம் என்று மனைவி சொன்னாள், அணைக்கவில்லை.

மறுநாள் மதியம் பல்லியம்மா ஒரு வரி எழுதினாள்: ‘38 கிராம். மருந்து ஆரம்பிச்சாச்சு. பொழைக்குமான்னு பத்து நாள்ல தெரியும்னு டாக்டர் சொன்னார்.’ அவருக்கு நன்றி எதுவும் இல்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் ஒரு படம் வந்தது. பல்லி ஒரு புழுவைக் கவ்வியிருந்தது. யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குள் போய் அழுதார். இந்த அழுகை பொய்யாகப் படவில்லை. ஆனால் இது வேறு யாருடைய பல்லிக்கோ.

அந்த வருடக் கடைசியில் அவர் பெயரில் நாற்பது கடை பாக்கி இருந்தது. பதினேழுக்கு முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு நேரில் போனார். மீதிக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அங்கே கிடையாது.

மகள் இரண்டு ஞாயிறு கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அவர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் படிக்கவில்லை. விடுதிச் சாப்பாடு, மழை, அறைத் தோழியின் குறட்டை என்று பேச்சு போயிற்று. கடைசியில் மனைவி போனை அவர் பக்கம் நீட்டினாள்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“போட்டுட்டேன்மா.” உண்மையில் போட்டிருந்தார். காலையில், தண்ணீரோடு, முழுசாக.

“அம்மாகிட்ட குடுங்க.”

கொடுத்தார். மனைவி எழுந்து அலமாரிக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஆமாடி, போட்டிருக்காரு. இன்னிக்குள்ளது காலியாத்தான் இருக்கு.”

“பிரிச்சு ஜன்னல் வழியா வெளிய போட்டிருப்பாரு” என்றாள் மகள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாளா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், சரியாகத் தெரியவில்லை. செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து காட்டுங்கள் என்றிருந்தால் அதையும் காட்டியிருப்பார். யாரும் கேட்கவில்லை.